உப்புமுழுங்கி நெல்

இருபத்தாறு வருடம் பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய் வந்தவன் நான். ஒரு நாள்கூட டிக்கெட் இல்லாமல் ஏறியதில்லை. சீசன் டிக்கெட் முடிவதற்கு முந்தின நாளே போய்ப் புதுப்பித்துவிடுவேன். கூட வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "அன்புராஜு, உன்னப் பாத்தா டி.டி.ஆரே எந்திரிச்சு எடம் குடுப்பான்யா" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவேன்.

நர்மதா மேடம், இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று விதை இல்லத்து வாசலில் நின்று நீங்கள் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். நீங்கள் விதை ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் ஜாடிகளிலிருந்து ஒவ்வொரு பிடி நெல் எடுத்துப்போய் ஆய்வகத்தில் சோதித்திருக்கிறீர்கள். எல்லாம் ஒரே நெல் என்று முடிவு வந்திருக்கிறது. கோபம் வரத்தான் செய்யும். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஆனால் நான் திருடன் இல்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் ஒரு இரும்பு ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். போல்ட், பேரிங், கிரீஸ் டப்பா என்று ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை உண்டு. அட்டையில் பெயர் இருந்து அலமாரியில் சாமான் இல்லையென்றால் ஸ்டோர் கீப்பர் தொலைந்தான். என் காலத்தில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. ஆலையை மூடியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்தச் சமயத்தில்தான் ஒரு அறக்கட்டளை எங்கள் ஊரில் விதை இல்லம் கட்டியது. சுற்றுவட்டாரத்தில் கைவிடப்பட்ட நெல் வகைகளைச் சேர்த்து வைப்பது, கேட்கிற விவசாயிக்குக் கொடுப்பது, ஒரு பங்கு வாங்கியவர் அறுவடை முடிந்ததும் இரண்டு பங்காகத் திருப்பித் தருவது, இதுதான் ஏற்பாடு. பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள்.

என் அப்பா சின்னராசு இதே ஊரில் அரசப்பன் வீட்டு நிலத்தில் கூலி வேலை செய்தவர். அறுவடை முடிந்ததும் விதை நெல் மூட்டையை முதுகில் சுமந்துபோய் அந்த வீட்டு வாசலில் இறக்குவார். "அங்கியே போடு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதற்கு மேல் அவர் போனதில்லை. விதை வைக்கும் அறை எப்படி இருக்கும் என்று தெரியாமலே செத்துப்போனார். இப்போது அந்த வீட்டு விதைக்கும் சேர்த்து என் இடுப்பில் சாவி. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சாவி கைக்கு வந்த அன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பாவிடம் காட்டிவிட்டு வந்தேன். சிரிப்பீர்கள், பரவாயில்லை.

முதலில் நெல் கொண்டுவந்தவர் அரசப்பனின் மனைவி குணசுந்தரிதான். இருபது கிலோ இருக்கும். பழவேற்காடு ஏரி ஓரத்தில் இருக்கும் அவருடைய அம்மா வீட்டு நெல் அது.

"உப்புமுழுங்கின்னு சொல்லுவாங்க சார். உப்பங்கழித் தண்ணி வயல்ல ஏறுனாக்கூட இது சாவாது. வெளைச்சல் கம்மின்னு நாங்களே குண்டு நெல்லுக்கு மாறிட்டோம். ஊட்டுல வெச்சா எலிதான் துன்னுகினு கீது. நீங்களே வெச்சிக்கோங்க" என்றார்.

சார் என்று கூப்பிட்டார். அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர் எங்கள் வீட்டு ஆளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஒரே வருடத்தில் அறுபத்தொரு வகை சேர்ந்தது. கறுப்பு உமி, சிவப்பு உமி, குண்டு, நீட்டு, வால் வைத்தது, வால் இல்லாதது என்று ஏகப்பட்ட ரகம். இல்லத்துக்குச் சொந்தமான அரை ஏக்கரில் பாத்தி பாத்தியாகப் போட்டு, தை மாதம் அறுத்தோம். காயவைத்துத் தூற்றிச் சுத்தம் செய்ய மணியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அந்தத் தை மாதம் காலம் தப்பி மழை பெய்தது. நெல் களத்தில் கிடந்தபடியே மூன்று நாள் நனைந்தது. அதே வாரம் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. அவர்கள் கொடுத்த பணத்தில் கட்டிய இடம். மண் பானையும் சாக்கும் பார்க்க நன்றாக இருக்காது என்று நான் கண்ணாடி ஜாடிகள் வாங்கி வைத்திருந்தேன்.

மணியம்மாள் ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடித்தாள். "டக்குனு ஒடைய மாட்டேங்குது சார். நசுங்குது. இன்னும் ரெண்டு வெயில் காட்டணும்" என்றாள்.

"வர்றவங்க ரெண்டு வெயிலுக்குக் காத்துக்கினு இருப்பாங்களா?" என்று கேட்டேன். ஜாடிகளில் நிரப்பி, மூடிக்கு மெழுகு வைத்து அடைத்தேன். அறுபத்தொரு ஜாடியும் சுவரோரம் வரிசையாக நின்றபோது நானே அசந்துபோனேன். வந்தவர்கள் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஈரம் சரியாகப் போகாத நெல்லைக் காற்றுப் புகாமல் அடைத்து, தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அப்போது தெரியாது. ஸ்டோரில் சாமான் கெட்டுப்போகக் கூடாது என்றால் இறுக்கி மூடுவோம், அவ்வளவுதான் நான் கற்றது. ஆனி மாதம் விதைப்புக்கு முன்னால் ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் நூறு நெல் எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தேன். ஐந்தாம் நாள் பிரித்துப் பார்த்தால் நாற்பத்து நான்கு சாக்கில் ஒரு முளைகூட இல்லை. உப்புமுழுங்கியும் அதில் ஒன்று.

அன்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன் மேடம். நெல் கொடுத்தவர்களிடம் போய் மறுபடி ஒரு பிடி கேட்கலாமா என்று நாலைந்து வீட்டில் பேச்சுக் கொடுத்தும் பார்த்தேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில். "நாங்க எதுக்கு இனிமே வெச்சிக்கணும், அதான் விதை ஊட்டுல கீதே" என்றார்கள். என்னை நம்பி வீட்டில் இருந்ததையும் விட்டுவிட்டார்கள். குத்திச் சாப்பிட்டவர்கள் பாதி, கோழிக்குப் போட்டவர்கள் மீதி. அரசப்பன் வாசலில் போய் நின்று, உங்கள் வீட்டு விதையை நான் சாகடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கூலிக்காரன் மகனிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் நினைப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

ஆகவே ஜாடிகளை நிரப்பினேன். பொன்னேரி மண்டியில் புதுக் குண்டு நெல் வாங்கிவந்தேன். நீட்டு நெல் வேண்டிய ஜாடிகளுக்கு மட்டும் சல்லடையில் சலித்து ஒல்லியானதாகப் பொறுக்கினேன். உங்கள் ஆய்வகத்தில் அதையும் கண்டுபிடித்திருக்கிறார்கள், எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று. கறுப்பு உமிக்குக் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரில் இரும்புத் தூளைப் போட்டேன். மை மாதிரி கறுக்கும். சிவப்புக்குக் காவி. உரித்தால் உள்ளே அரிசி ஒரே வெள்ளைதான், ஆனால் கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும் நெல்லை யாரும் உரித்துப் பார்ப்பதில்லை. மாதக் கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது.

மீதிப் பதினேழு உயிரோடு இருந்தன. அவற்றை விதைக்கத்தான் ஆசை. ஆனால் பாத்தியில் நிஜமானதும் மற்றதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் தெரிந்துவிடும். அதனால் அந்த வருடம் நிலம் சரியில்லை என்று எழுதி விதைப்பை நிறுத்தினேன். அடுத்த வருடமும் அப்படியே எழுதினேன். நெல் எத்தனை நாள் காத்திருக்கும்? அவையும் போய்விட்டன. அவற்றையும் நிரப்பிவிட்டேன்.

ஒரு நாள் மணியம்மாள் ஜாடி துடைக்கும்போது விரலை நீட்டிக் காட்டினாள். "இன்னா சார் இது, நெல்லு கையெல்லாம் கறுப்பாக்குது?" என்றாள். களத்துப் புழுதியில் என்ன இருக்கிறதோ யார் கண்டது என்றேன். அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மறுவாரம் அறக்கட்டளைக்கு எழுதினேன். அந்த அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, விதைகளைக் கலந்துவிடுகிறாள், இனி வேண்டாம் என்று. அவள் போகும்போது ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை. "போறேன் சார், ஜாக்கிரதையா பாத்துக்கோங்க" என்றாள். இப்போது சிப்காட்டில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுவதாகக் கேள்வி.

விதை வாங்கிப் போனவர்கள் வந்து குறை சொல்லாமல் இல்லை. "சீரகச் சம்பா மாதிரி வாசனையே வரலியே" என்பார்கள். மண் மாறினால் குணம் மாறும் என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். விளைந்ததை இரண்டு பங்காக அளந்து பத்திரமாகத் திருப்பித் தருவார்கள். எல்லாம் குண்டு நெல். அதை வாங்கிச் சாக்கில் கட்டிப் பெயர் எழுதி வைப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொல்கிறவர்கள் முயன்று பார்த்ததில்லை. சோறு போடுகிறவர்கள் ஊர் முழுக்க இருந்தால் மறைக்கலாம்.

இது இப்படியே ஓடியிருக்கும். புயல்தான் கெடுத்தது.

அந்தக் கார்த்திகையில் கடல் தண்ணீர் கழி வழியாக ஏறி அரசப்பனின் மூன்று ஏக்கரில் நான்கு நாள் நின்றது. வடிந்த பிறகு நிலம் சோடா உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடந்தது. அடுத்த ஆடியில் குணசுந்தரி விதை இல்லத்துக்கு வந்தார். பக்கத்து நிலங்களையெல்லாம் இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள், அரசப்பனும் அதே யோசனையில் இருக்கிறார் என்றார்.

"ஒரு தபா குழி வெட்டிட்டா அது அப்பறம் வயலே இல்ல சார். நான்தான் ஒரே ஒரு போகம் பாக்கலாம்னு அவர்கிட்ட சண்ட போட்டு வெச்சிருக்கேன். எங்கம்மா ஊட்டு நெல்லு கீதுன்னு சொன்னேன்" என்றார்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். இப்போது புரிகிறது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தபடி, "இருக்குதும்மா, பத்திரமா இருக்குது" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. முப்பது கிலோ அளந்து கொடுத்தேன். ஒரு பிடி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இதுக்கு நுனியில ஊசியாட்டம் வால் இருக்குமே சார்" என்றார். சுத்தம் பண்ணும்போது உடைந்துவிடும் என்றேன்.

நாற்றங்காலில் நல்ல தண்ணீர், பச்சைப் பசேல் என்று வந்தது. வயலில் நட்ட பதினைந்தாம் நாள் நுனி கருகியது. ஒரு மாதத்தில் மூன்று ஏக்கரும் வைக்கோல் நிறம். நான் போய்ப் பார்த்தேன். குணசுந்தரி வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு பயிராகப் பிடுங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசப்பன் என்னிடம், "விதை மேல குத்தம் சொல்ல முடியாது. உப்பு அவ்ளோ ஏறிக்கினு கீது" என்றார். ஆமாம், இந்த வருடம் உப்பு மிஞ்சிவிட்டது என்று நானும் சொன்னேன். அவர்கள் வீட்டில் அன்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து எனக்குக் காபி கொடுத்தார்கள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் குணசுந்தரி விடுகிற பெண் இல்லை. பங்குனி மாதம் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய அக்கா ஜோதிலட்சுமி ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையில் வாழ்க்கைப்பட்டவர். பொங்கல் படையலுக்கு என்று வருடா வருடம் ஒரு மூலையில் மட்டும் உப்புமுழுங்கி போட்டுவந்திருக்கிறார். தங்கைக்கு அது தெரியாது. இப்போது அந்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போகிறது என்று கடைசி அறுவடையை மொத்தமாகத் தங்கையிடம் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு கிலோ.

சாக்கைப் பிரித்தேன். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் ஊசி மாதிரி வால்.

"அக்காகிட்ட இனிமே ஒரு மணி இல்ல சார், அல்லாத்தையும் குடுத்துட்டா. எங்க ஊட்டுல எலி பேஜாரு. ஆடி வரிக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "நீங்க குடுத்ததையும் இதையும் பக்கத்துல பக்கத்துல போட்டு உப்புத்தண்ணி ஊத்திப் பாக்கணும் சார். உங்க மேல சந்தேகம்லாம் இல்ல. எங்கியோ யார் ஊட்டு மூட்டையோ மாறிக்கினு கீது. அந்த மேடம் வரும்போது அவங்க முன்னாடியே பண்ணலாம்."

அந்த மேடம் நீங்கள்தான். வைகாசி இரண்டாம் வாரம் வருவதாக இருந்தீர்கள்.

நான் அவசரப்பட்டு எதையும் செய்கிறவன் இல்லை. ஒரு மாதம் யோசித்தேன். நெல்லை மாற்றிவிடலாம் என்றால் வால் இருக்கிற நெல் எங்கும் கிடைக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று சொன்னால் ஸ்டோர் கீப்பருக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. நெல் இருக்க வேண்டும், அதே நெல்லாக இருக்க வேண்டும், ஆனால் முளைக்கக் கூடாது. வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிக்கிறோமே, அவித்த நெல் எந்தக் காலத்தில் முளைத்திருக்கிறது?

வேளாங்கண்ணிக்கு ஒரு வேண்டுதல் என்று என் மனைவி விக்டோரியா போயிருந்த ஒரு காலையில் செய்தேன். கொதிக்க விட்டால் உமி வாயைப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கை பொறுக்காத சூட்டில் தண்ணீரை வைத்து, நெல்லைப் போட்டு மூடி, சூடு குறையாமல் பார்த்துக்கொண்டு பாதி நாள் விட்டேன். வடித்து நிழலில் பரப்பினேன். பிறகு நல்ல வெயிலில் நான்கு நாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. கடித்துப் பார்த்தேன், டக்கென்று உடைந்தது. ஒரு வால்கூட ஒடியாமல் அள்ளிச் சாக்கில் கட்டினேன். பார்க்க ஒரு மாற்றமும் இல்லை. என் கையில் இருந்த எந்தப் பொருளையும் நான் அவ்வளவு கவனமாகக் கையாண்டதில்லை.

ஒரு பிடியை மட்டும் அவிக்காமல் எடுத்து வைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மனசு கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சோதனை அன்று நடந்தது உங்களுக்கே தெரியும். நான்கு தட்டு. விதை இல்லத்து நெல் நல்ல தண்ணீரில் முளைத்தது, உப்புத் தண்ணீரில் கருகியது. அக்கா வீட்டு நெல் இரண்டிலும் முளைக்கவே இல்லை. எட்டாம் நாள் நீங்கள் தட்டைப் பார்த்துவிட்டு, "வெச்சிருந்த எடத்துல ஈரம் பட்டிருக்கும்மா. விதை செத்துப்போச்சு. இதுல யார் மேலயும் தப்பு இல்ல" என்று குணசுந்தரியிடம் சொன்னீர்கள். என்னிடம், "நீங்க வருத்தப்படாதீங்க சார்" என்றீர்கள். உண்மையிலேயே எனக்கு வருத்தமாக இருந்தது மேடம். முகம் வாடியிருந்தது நடிப்பு இல்லை.

குணசுந்தரி தட்டிலிருந்து ஒரு நெல்லை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். "எங்கக்கா செத்த விதைய எனக்குக் குடுத்துட்டாளே சார்" என்றார். அழவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவிடம் போனில் பேசியிருக்கிறார். நல்ல நெல்லை உன் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டு எனக்குக் குப்பையைத் தள்ளிவிட்டாயா என்று கேட்டிருக்கிறார். ஜோதிலட்சுமி என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. அதன் பிறகு அக்கா தங்கைக்குள் பேச்சு இல்லை. ஜோதிலட்சுமியின் மகள் கல்யாணத்துக்குக்கூட இவர் போகவில்லை. ஆனிக் கடைசியில் அரசப்பனின் நிலத்தில் மண் வெட்டும் இயந்திரம் இறங்கியது. இப்போது அங்கே இறால் குட்டை.

மிச்சமிருந்த பதினொரு கிலோவை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. அவித்த நெல், இனி அரிசிக்குத்தான் ஆகும். விதை நெல்லைக் குத்தித் தின்கிறவனைப் பற்றி ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது அப்போது விதை இல்லையே. மில்லில் கொடுத்து அரைத்துவந்தேன். விக்டோரியா வடித்தாள். ஒரு வாய் வைத்ததும், "இன்னாங்க அரிசி இது, குழம்பே வேணாம் போல, அப்பிடியே துன்னலாம்" என்றாள். ஆமாம், சோற்றிலேயே லேசாக உப்பு இருப்பதுபோல ஒரு ருசி. இரண்டு வாரத்துக்கு மேல் வந்தது. மறுபடி வாங்கி வாருங்கள் என்று இன்றுவரை கேட்கிறாள்.

நேற்று நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உப்புமுழுங்கியில் உயிரோடு ஒரு மணியாவது எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஜோதிலட்சுமி வீட்டில் இல்லை, அந்த இடத்தில் இப்போது மதில் சுவர் எழும்பிவிட்டது. ஏரி ஓரத்து ஊர்களில் நீங்களே ஆள் அனுப்பித் தேடிப் பார்த்துவிட்டீர்கள்.

குட்டை வெட்டிய பிறகு குணசுந்தரி ஒரு தடவை வந்தார். ஆவணி மாதம், பகல் பதினோரு மணி இருக்கும். இளைத்துப்போயிருந்தார். குட்டைக் கரையில் வீட்டுக்கு ஒட்டினாற்போல நாலு முழம் மண் மிச்சம் இருக்கிறது, அதுவும் உப்புதான் என்றார்.

"சாக்கு ஓரத்துல, தரையில எங்கியாவது அக்கா குடுத்ததுல நாலு மணி சிந்திக் கீதா சார்? நூத்துல ஒண்ணு மொளைக்காதா? ஒண்ணே ஒண்ணு மொளைச்சாப் போதும், நான் அக்காகிட்ட போய்ப் பேசிடுவேன்" என்றார்.

அந்த ஒரு பிடி என் மேசை இழுப்பறையில் காகிதத்தில் மடித்து இருந்தது. அவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைதான். கொடுத்துவிடலாம் என்று கை போனது, பொய் சொல்லவில்லை. இழுப்பறையைப் பாதி திறந்தும்விட்டேன். கொடுத்தால் முளைத்துவிடுமே என்று பயம் வந்தது. நூற்றுக்கு நூறும் முளைத்துவிடும். நான் மூடிவிட்டேன். "கூட்டிப் பெருக்கிட்டோம்மா, ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் தரையைக் குனிந்து பார்த்துவிட்டு, என்னையும் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு டீ போடும் அடுப்பில் தண்ணீர் வைத்து அந்தப் பிடியையும் போட்டேன். இந்தத் தடவை சூடு பார்க்கவில்லை, உமி பிளக்கும்வரை கொதிக்க விட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவீர்கள், அது நியாயம்தான், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் இடத்தில் வேறு ஒருவரைப் போடும்போது, சம்பளத்துக்கு வந்தோம் போனோம் என்று இருக்கிற ஆளாகப் போட்டுவிடாதீர்கள், விதை மேல் என்னைப் போல உயிரையே வைத்திருக்கிற ஆளாகப் பார்த்துப் போடுங்கள்.